உறை

கருத்தரங்கில் என் முறை வருமுன்
வயிறு பேசிவிட்டது.
கடகடவென்று, முன்னுரையோடு.
முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.
என் கட்டுரையின் வாதத்தைவிட
அதன் வாதம் தெளிவாயிருந்தது.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்
சுகாதார மையத்து டாக்டர்.
சொன்னேன்:
காலையில் டீ. பதினொன்றுக்கு டீ.
மத்தியானம் நூலகம்.
சாயங்காலம் மெட்ரோ வாசலில் மோமோ,
அந்தச் சிவப்புச் சட்னி
தட்டில் மிச்சமிருந்தால் அதையும்.
ராத்திரி இரண்டு மணிக்கு ரொட்டி, முட்டை, குற்ற உணர்ச்சி.
எழுதுவதை நிறுத்திவிட்டு
எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.
சீட்டில் மாத்திரைக்கு மேலே எழுதினார்:
தயிர். தினமும்.

எளிதாகச் சொல்லிவிட்டார்.
முனீர்க்காவில் மூன்றாம் மாடி, ஜனவரி.
சூரியனே பத்து மணிக்கு மேல்தான் வேலைக்கு வருகிறது.
காய்ச்சி, ஆற்றி, ஒரு ஸ்பூன் உறை ஊற்றி வைத்தால்
விடிந்த பிறகும் பால்
பாலாகவே இருக்கிறது.
கடைத் தயிர் வாங்கக்கூடாதா என்றால்
வாங்கலாம், மாதத்தின் பத்தாம் தேதி வரை.
உதவித்தொகை
ஏதோ ஒரு மேசையில் உறைந்து கிடக்கிறது.

அந்த வாரம் இந்தச் சொல்லையே சுற்றிக்கொண்டிருந்தேன்.
தயிருக்கும் அதுதான், பனிக்கும் அதுதான்,
தலையணைக்கும் அதுதான்.
இந்த அறையில் நான் உறைகிறேன் என்று எழுதினால்
எதைச் சொல்கிறேன் என்று
எனக்கே நிச்சயமில்லை.

அறைத்தோழி லின்தோய்க்கு ஊர் இம்பால்.
அவள் கவலை வேறு.
வேகவைத்த சோயா, துணியில் முடிந்து
நான்கு நாள் கதகதப்பில் புளிக்க வேண்டும்.
வாசனை வந்தால் வீட்டுக்காரர் வருவார்.
போன வருடம் வந்தார்.
அந்தக் கதையை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்,
ஜன்னலைச் சாத்திவிட்டு.

என் ஸ்வெட்டர் அவள் மூட்டைக்குப் போனது.
தயிருக்கு இடம் கண்டுபிடித்தது அவள்:
வைஃபை ரவுட்டரின் தலைமேல்.
தொட்டுப் பார், என்றாள்,
பூனை வயிறு மாதிரி இருக்கிறது.
அன்று ராத்திரி என் கிண்ணத்துக்காக
ஒரு கொரியத் தொடரையே தரவிறக்கினாள்,
பதினாறு பாகம்.
"சூடு போதுமா? இன்னொன்று போடட்டுமா?"
பச்சை விளக்கு விடிய விடியக் கண் சிமிட்டியது.

காலையில் கிண்ணத்தைச் சாய்த்தேன்.
தயிர் சாயவில்லை.

நெட் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று கேட்டு
வீட்டுக்காரர் மகன் வந்தான்.
வாசலில் நின்றான், அறையைப் பார்த்தான்,
வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அவனுக்கு ஜலதோஷம்.
டெல்லிக் குளிரை அன்று ஒரு நாள் மட்டும் மன்னித்தோம்.

இப்போது என் சமையல் இவ்வளவுதான்:
ராத்திரி படிக்க உட்காரும்போது
குக்கரில் அரிசி ஒரு பிடி, பாசிப்பருப்பு அரைப் பிடி,
சீரகம், நசுக்கிய இஞ்சி.
மூன்று விசிலுக்குள் ஒரு அட்டவணை சரிபார்த்துவிடலாம்.
பாதியைச் சூடாக அப்போதே.
மீதியை விடிந்ததும் தயிர் விட்டுப் பிசைந்து
கேரட் இருந்தால் கேரட் துருவி, டப்பாவில்.
பொங்கலில் யாராவது தயிர் ஊற்றுவார்களா என்று
போனில் அம்மா திட்டினாள்.
வயிறு திட்டவில்லை.
லின்தோயின் சோயாவை முதல் நாள் விழுங்கினேன்,
இரண்டாம் நாள் மென்றேன்,
மூன்றாம் நாள் கேட்டு வாங்கினேன்.
வாழைப்பழம் பைக்குள் நசுங்கி
குறிப்பேட்டில் இரண்டு பக்கம் ஒட்டிப் போனதும் உண்டு.

பிப்ரவரியில் மறுபடி கருத்தரங்கு.
அதே அறை, அதே முன்வரிசைக்காரர்.
என் பெயரைச் சொன்னார்கள்.
பழக்கதோஷத்தில் ஒரு கணம்
வயிற்றுக்காகக் காத்திருந்தேன்.
அது வாயே திறக்கவில்லை.
நானேதான்
ஆரம்பிக்க வேண்டியிருந்தது.